ஊராட்சி மன்றமும் நமது சங்கங்களும்

(கிளைச் செயலவையினருக்கான ஒருநாள் வகுப்பில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ஊராட்சி மன்றங்களும் தொண்டூழிய அமைப்புகளும் கூட்டாகப் பணியாற்றுவது பற்றியது. இது பட்டணத்தாரின் விஷயமாயிற்றே, பால் மரம் வெட்டுகிறவருக்கும் செக்ரோல் எழுதுகிறவருக்கும் இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மேடைக்கு வரும்போதே ஒரு நண்பர் அப்படித்தான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையே விரித்துச் சொல்லுகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஊராட்சி மன்றம் என்பது நம் நாட்டில் மூன்று வகையாக இருக்கிறது. பெரிய ஊர்களில் மாநகர் மன்றம், அதற்கடுத்த ஊர்களில் நகராண்மைக் கழகம், மற்ற இடங்களில் மாவட்ட மன்றம். சாக்கடை, தெருவிளக்கு, சந்தை, விளையாட்டுத் திடல், கடைகளுக்கு லைசென்சு, கட்டடத்துக்கு அனுமதி, பல மாநிலங்களில் குப்பை, இவையெல்லாம் அவர்கள் பொறுப்பு. பிரதமரைவிட, மந்திரி பெசாரைவிட, நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் இதுதான்.

தொண்டூழிய அமைப்பு என்றவுடன் ஏதோ பெரிய கட்டடமும் செயலாளர் அறையும் உள்ள சங்கத்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். நம் தோட்டத்துக் கோயில் நிர்வாகம் ஒரு தொண்டூழிய அமைப்பு. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம், மாதர் குழு, பந்து விளையாட்டுக் குழு, மரண சகாய நிதி எல்லாம் அப்படியே. ஒருவர் இறந்துவிட்டால் பெட்டிக்கும் லாரிக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள்? எந்த மன்றமும் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வீடு வசூல் செய்து நாமே கொடுக்கிறோம். தொழிற்சங்கக் கிளைக்குச் சட்டம் வேறு. அது 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. மற்றவை பெரும்பாலும் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் பதிவாகின்றன. சட்டம் எதுவானாலும் ஆட்கள் அதே ஆட்கள்தான். காலையில் பெரட்டுக்கு நிற்கிறவர் மாலையில் கோயில் பொருளாளர்.

சரி, இந்த இரண்டு பேரும், அதாவது மன்றமும் நமது சங்கங்களும், ஏன் இதுநாள்வரை முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை? அதற்குச் சரித்திரம் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. அதே 1952இல் உள்ளூர் மன்றங்களுக்கான சட்டம் ஒன்று பிறந்து, அவசரகாலத்தில் முள்வேலி போட்டு உண்டாக்கப்பட்ட புதுக்கிராமங்களுக்குக்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வந்தன. ஒரு புதுக்கிராமத்துக்கும் அதன் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மண் சாலைதான் இருந்திருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் தம் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டார். இந்தப் பக்கம் இருந்த நம் தாத்தா துரையிடம் மனுக் கொடுத்தார். தோட்டத்துக்கு மன்றம் வரவில்லை. பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, தண்ணீர்க் குழாயா, எல்லாமே முதலாளியின் பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே வகுத்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் விளைந்த பழக்கம் என்ன? துரையே முனிசிபாலிட்டி, துரையே போலீஸ், துரையே பஞ்சாயத்து. லயத்துக்குப் பின்னால் சாக்கடை அடைத்தால் ஆபீசுக்கு ஓடுவது ஒன்றே நமக்குத் தெரிந்த வழியாயிற்று. வேறு ஒரு கதவு இருக்கிறது என்பதே இரண்டு தலைமுறைக்கு மறந்து போயிற்று.

பட்டணத்தில் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் ஜார்ஜ்டவுன் மேயராக டி. எஸ். இராமநாதன் இருந்தார். பிறகு 1965இல், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். நாடு முழுவதும் சாட்சியம் கேட்டு, தேர்தல் மீண்டும் வரவேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தேர்தலை எடுத்துவிட்டு நியமனத்தை நிலைநாட்டியது. நம்மினத்தைச் சேர்ந்த ஒருவர் ஊர்தோறும் சென்று எழுதிக்கொடுத்த அறிக்கை அது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரையாவது அறிந்திருக்க வேண்டும்.

தேர்தல் இல்லையென்றால் மன்றத்தில் உட்காருகிறவர்கள் யார்? 10ஆவது பிரிவு சொல்லுகிறது: மன்றத் தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் மாநில அரசாங்கம் நியமிக்கும். பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமோ, தொழிலில் சிறப்போ பெற்றவராக இருக்கலாம், அல்லது தம் சமூகத்தின் நலன்களை எடுத்துரைக்கத் தகுந்தவராக இருக்கலாம். இந்தக் கடைசி வாசகத்தைக் கவனியுங்கள். சமூகத்தின் நலனை எடுத்துரைக்கத் தகுந்தவர்! இருபது வருடம் கிளைச் செயலாளராக இருந்து, துரைமாரோடு மேசைக்கு எதிரே அமர்ந்து கணக்குப் பேசிய ஒரு பெண் தொழிலாளி இதற்குத் தகுதியில்லாதவரா? கட்சிச் சீட்டு இல்லை என்பதைத் தவிர அவரிடம் வேறு என்ன குறை? நியமனம் கட்சிகளின் பங்கீடாக நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் பெயரைக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. நம் வட்டாரச் சங்கங்கள் கூடி ஒரு பெயரை எழுதி மந்திரி பெசாருக்கு அனுப்பிய வழக்கம் எத்தனை இடத்தில் உண்டு?

இன்னொன்று. 23ஆவது பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரருக்கும் திறந்திருக்க வேண்டும். போய் உட்காரலாம். பேச முடியாது, கேட்கலாம். அங்கே ஒரு நாள் உட்கார்ந்தால், பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

இனித் தோட்டத்துக் கேட்டுக்கு வருகிறேன். நமது சங்கடம் எல்லாம் அந்தக் கேட்டில்தான் இருக்கிறது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் பல வருடங்களாக ஒரு குப்பை மேடு இருந்தது. மன்றத்தின் லாரி கம்பத்து வீடுகளுக்கு வரும், கடைவீதிக்கு வரும், எங்கள் கேட்டு வரையிலும் வந்து திரும்பிப் போகும். மன்றத்திற்கு எழுதினோம். 'தோட்டம் தனியார் நிலம், நீங்கள் மதிப்பீட்டு வரி கட்டுவதில்லை, நிர்வாகத்தைப் பாருங்கள்' என்றார்கள். நிர்வாகத்தைப் பார்த்தோம். 'குப்பை அள்ளுவது ஊராட்சியின் வேலை, எங்கள் வேலை ரப்பர்' என்றார்கள். பந்தடிப் போட்டியில் பந்து எப்படிப் போய் வருமோ அப்படி எங்கள் கடிதம் போய் வந்தது. இந்தக் கோப்பு என் கையில் இருந்ததால் தேதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் எங்கள் தோட்டத்து மூத்த பால் மரத்துக்கார அம்மா ஒருவர் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "ஏன் கிராணித் தம்பி, குப்பைக்கு எல்லைக்கல்லு தெரியுமா? காத்தடிச்சா அது கேட்டைத் தாண்டிப் போவுதே!" மன்றத்துச் சட்ட ஆலோசகரும் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

இதில் யார் சொல்லுவது சரி? இரண்டு பேர் சொல்லுவதிலும் பாதி உண்மை இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், சட்டம் 446, தோட்டக் குடியிருப்புகளின் தண்ணீர், மின்சாரம், பழுதுபார்ப்பு, சுகாதாரம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. ஆகவே கடமை முதலில் நிர்வாகத்தின் மேல்தான். இதனை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மன்றத்தோடு கூட்டுச் சேருகிறோம் என்ற பெயரில் முதலாளியின் சுமையை அவர் தோளிலிருந்து நாமே இறக்கி வைத்துவிடக் கூடாது. ஆனால் அள்ளிய குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு இடம் யாரிடம் இருக்கிறது? நிர்வாகத்திடம் இல்லை. அங்கேதான் மன்றம் வேண்டும். மேலும் ஒரு விவரம்: 2011இல் குப்பைச் சட்டம் அமலுக்கு வந்தபிறகு ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் இந்த வேலை மன்றத்தின் கையிலிருந்து கூட்டரசின் திடக்கழிவுக் கழகத்திற்குப் போய்விட்டது. ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மாநிலத்துக்கு மாநிலம் தெரிந்து தட்ட வேண்டும். தவறான கதவைத் தட்டியே நம் கடிதங்கள் பாதி செத்துப் போகின்றன.

நாங்கள் கடைசியில் செய்தது இது. கிளை, கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் நான்கும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதின. அதுவரையில் நான்கும் நான்கு கடிதம் எழுதிக்கொண்டிருந்தன, அதிலும் ஒன்றுக்கொன்று தெரியாமல். கடிதத்தில் குறை எழுதவில்லை. ஒரு கூட்டத்துக்கு அழைத்தோம். மன்ற அதிகாரி, தோட்ட நிர்வாகி, நாங்கள், மூன்று தரப்பும் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் பேச்சு. முடிவில், கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் மன்றம் ஒரு பெரிய இரும்புத் தொட்டி வைப்பது, லயத்திலிருந்து அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் நிர்வாகம் டிராக்டர் அனுப்புவது, தொட்டியில் கண்டதையும் போடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று ஏற்பட்டது. ஒரு பக்கத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். வேறு அற்புதம் எதுவுமில்லை. டிராக்டர் வராத வாரமும் உண்டு, தொட்டி நிரம்பி வழிந்த மாதமும் உண்டு. ஆனால் வராதபோது யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. தாளை நீட்டினால் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

எழுதப்படாத கூட்டுறவின் கதி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வட்டாரத்தில் நான் நேரில் பார்த்தது. ஒரு மன்றம் கோத்தோங் ரோயோங் என்று அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் வெட்டிவிட்டு ஒரு நாள் ஓய்வில் இருக்கும் சனங்கள் மண்வெட்டியும் பாராங்கும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரிகள் தொப்பியும் பனியனும் கொடுத்தார்கள். ஒன்பது மணிக்குப் புகைப்படம். பத்து மணிக்கு மீகூன். பதினொரு மணிக்கு அதிகாரிகள் புறப்பட்டுப் போய்விட்டார்கள். சனங்கள் மாலை வரையில் சாக்கடை வெட்டினார்கள். சிமெண்டும் குழாயும் மறுவாரம் வரும் என்றார்கள். வரவில்லை. அடுத்த மழையில் வெட்டின மண் அத்தனையும் திரும்பச் சாக்கடையில் விழுந்தது. மன்றத்தின் ஆண்டறிக்கையில் மட்டும் அந்தப் படம் வந்தது, 'மக்களோடு கைகோத்து' என்று கீழே எழுதி.

நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பழமொழி சொல்லுவார்கள்: நீ அரிசி கொண்டுவா, நான் உமி கொண்டுவருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்போம். பல கூட்டுப் பணிகள் இந்த வகைதான். உழைப்பு என்னும் அரிசி நம்முடையது. கோத்தோங் ரோயோங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இந்த நாட்டின் நல்ல வழக்கம். மலாய்க் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஊரே சேர்ந்து சமைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள், நம் தோட்டத்துத் திருவிழாவும் அப்படித்தானே நடக்கிறது? ஆனால் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைச் சும்மா செய்யச் சொல்வதற்கு அந்தப் பெயரை வைக்கும்போது சங்கத்துக்காரன் கேள்வி கேட்க வேண்டும். சாமான் யார் கொடுப்பது? எந்தத் தேதிக்குள்? ஒருவருக்குக் கையில் வெட்டுப்பட்டால் யார் பொறுப்பு? இந்த மூன்றையும் முன்கூட்டிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எழுதி வைக்கும் விஷயத்தில் இங்கிலாந்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1998 நவம்பரில் அங்கே அரசாங்கமும் தொண்டு அமைப்புகளும் 'காம்பெக்ட்' என்னும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பிறகு ஊராட்சி மன்றங்களும் தத்தம் வட்டாரச் சங்கங்களோடு அதே மாதிரி உள்ளூர் உடன்பாடுகள் செய்தன. அது கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய சட்டமல்ல, வாக்குறுதிதான். ஆனால் அதில் இரண்டு அம்சம் நமக்குப் பாடம். ஒன்று, சங்கங்களின் கருத்தைக் கேட்பதென்றால் 12 வார அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது. நம்மிடத்தில் வெள்ளிக்கிழமை மாலை கடிதம் வரும், திங்கட்கிழமை கூட்டம். மற்றொன்று மிக முக்கியம். அரசாங்கத்திடம் பண உதவி பெறுகிற சங்கமானாலும், அதே அரசாங்கத்தின் கொள்கையைக் கண்டித்துப் பேசும் உரிமை அதற்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. எல்லா மன்றமும் அதன்படி நடந்தன என்று நான் சொல்லமாட்டேன். அங்கேயும் பணம் குறைந்தபோது முதலில் வெட்டப்பட்டவை இந்தச் சங்கங்களுக்கான மானியங்கள்தாம். ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், நம்மிடத்தில் மானியம் வந்தவுடன் வாய் அடைத்துப் போகிறது. கோயிலுக்குக் கூரை போட ஐயாயிரம் வெள்ளி கிடைத்துவிட்டால், அந்தக் கோயிலுக்கு முன்னால் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல நிர்வாகத்தார் தயங்குகிறார்கள். அது எவர் வீட்டுப் பணம்? நாம் கடையில் வாங்கும் சாமானிலும், மோட்டார் சைக்கிளுக்குக் கட்டும் ரோடு வரியிலும் போன பணத்தில் ஒரு துளி. நன்றி சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். நன்றி சொன்ன அதே கடிதத்தில் விளக்கைப் பற்றியும் எழுதலாம்.

நன்றாக நடந்த கூட்டுப் பணி எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டில் 'உள்ளூர் நிகழ்ச்சி நிரல் 21' என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்க்க நான்கு மன்றங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, பேராவில் கிரியான். 1992இல் ரியோ நகரில் நடந்த பூமி மாநாட்டில் பிறந்த யோசனை அது. மன்றம் தானே முடிவு செய்யாமல் வட்டார மக்களையும் சங்கங்களையும் உட்கார வைத்துத் திட்டம் போட வேண்டும் என்பது சாரம். பட்டணத்து மன்றங்களோடு கிரியான் மாவட்ட மன்றமும் அதில் சேர்ந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. நாட்டுப்புறத்திலும் இது சோதிக்கத் தக்கதென்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அதைவிட நமக்கு நெருக்கமானது டிங்கி விவகாரம். 2001இல் ஜொகூர்பாருவில் 'கொம்பி' என்ற முறை தொடங்கியது. அதற்கு முன்னெல்லாம் அதிகாரி வருவார், புகை அடிப்பார், சம்மன் கொடுப்பார், போவார். கொம்பி முறையில் குடியிருப்பாளர்களிலிருந்தே தொண்டர்களைச் சேர்த்து, அவர்களே வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கும் இடங்களைக் காட்டித் துப்புரவு செய்யச் சொன்னார்கள். பிறகு அது நாட்டின் பல வட்டாரங்களுக்கும் பரவியது. இது ஏன் சரியான கூட்டு? மன்றத்திடமும் சுகாதார இலாகாவிடமும் மருந்தும் இயந்திரமும் 1975ஆம் ஆண்டின் பூச்சி ஒழிப்புச் சட்டமும் இருக்கின்றன. எந்த வீட்டின் பின்புறத்தில் உடைந்த தாழி கிடக்கிறது, யார் வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறார், எந்தக் குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பது நமக்குத்தான் தெரியும். அவர்களிடம் இல்லாதது நம்மிடம், நம்மிடம் இல்லாதது அவர்களிடம்.

தோட்டத்தில் இது இன்னும் முக்கியம். பால் வெட்டாமல் விட்ட மரங்களில் மங்குகள் நிமிர்ந்தபடியே கிடக்கின்றன. மழை பெய்தால் ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டி. வெளிப்புறத்தில் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மங்கைக் கவிழ்த்து வைக்க எத்தனை நொடி ஆகும்? வெட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான மரங்களில் கவிழ்த்து வருவது ஒரு வேலை, அதற்கு நிர்வாகம் பேர் போட வேண்டும். இந்தக் கணக்கை மன்றத்து அதிகாரி அறியமாட்டார். கொசுவைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் ஒரு வெட்டுக்காரர் உட்கார வேண்டும் என்பது இதனால்தான்.

இங்கே ஒரு வார்த்தை. நம் லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். நாம் போடும் குழுவில் அவர்களில் ஒருவரும் இருப்பதில்லை. கொசு பாஸ்போர்ட் பார்த்துக் கடிப்பதில்லை. நம் பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது நம்மையும் ஊரார் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை என்பது நினைவிருக்க வேண்டும்.

அதிகாரிகளைப் பற்றி இவ்வளவு பேசினேன். நம் வீட்டையும் கொஞ்சம் பெருக்க வேண்டும். மன்றத்திடம் மானியம் கேட்கப் போகிற சங்கத்தைப் பதிவு இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, சென்ற ஆண்டு வரவு செலவு எங்கே என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். சங்கங்கள் சட்டப்படி ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் பதிவதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும். அனுப்பாமல் இருந்து பதிவு ரத்தாகி, பிறகு 'நம் இனத்தை ஒதுக்குகிறார்கள்' என்று மேடையில் முழங்குவதில் என்ன பயன்? கணக்கு எழுதத் தெரிந்த கிராணிமார் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறோம். மாதத்துக்கு ஒரு மாலை ஒதுக்கினால் போதும். கிராணிமார்கள் தொழிலாளிகளோடு சேர்ந்து உட்காரமாட்டார்கள் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பொய்யாகட்டும்.

நம்மால் கணக்கு நடத்த முடியாது என்பவர்களுக்கு ஒரே பதில் போதும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர் தம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிய வெள்ளியில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. தோட்டமே வாங்கியவர்களுக்கு ஒரு தொட்டியின் கணக்கு எழுத வராதா?

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரியது நிலம். மங்கும் குப்பையும் சிறு விஷயங்கள். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்குப் போகிறது, செம்பனையிலிருந்து வீடமைப்புக்குப் போகிறது. ஒருநாள் காலையில் புல்டோசர் வந்து நிற்கும்போதுதான் நாம் அறிகிறோம். சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் தோட்டம் கைமாறிய பின் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். புல்டோசருக்குப் பல வருடம் முன்பே ஒரு வரைபடம் மன்றத்தில் தொங்கியிருக்கும். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, அதாவது சட்டம் 172, இதைச் சொல்லுகிறது: எந்த நிலம் விவசாயம், எந்த நிலம் குடியிருப்பு, எங்கே பள்ளி, எங்கே கோயில் என்று காட்டும் உள்ளூர்த் திட்ட நகலை மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் கொடுக்கலாம், நேரில் விசாரிக்கவும் கேட்கலாம். அந்தக் கெடு சில வாரங்களே.

அந்த வரைபடத்தில் நம் லயம் எந்த நிறத்தில் இருக்கிறது? நம் கோயிலுக்கு நிறம் ஏதாவது உண்டா, அல்லது வெறும் மஞ்சள் குடியிருப்புக்குள் மறைந்துவிட்டதா? தமிழ்ப் பள்ளிக்கு நிலம் குறித்திருக்கிறதா? இவற்றைப் பார்த்து எழுதிக்கொடுக்கத் தனி ஆளால் முடியாது. கோயில் நிர்வாகம் கோயிலுக்கு, பள்ளிச் சங்கம் பள்ளிக்கு, கிளை குடியிருப்புக்கு என்று பிரித்துக்கொண்டு, ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும். முத்திரையில்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம். கிராணி சொல்லுகிறேன், நம்புங்கள். நிலத்தின் முடிவான அதிகாரம் மாநில அரசாங்கத்திடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மன்றத்துக் கோப்பில் நம் ஆட்சேபம் இருந்தால், பிறகு வரும் பேச்சுவார்த்தையில் 'யாரும் சொல்லவில்லையே' என்று எவரும் கூற முடியாது.

பின்புற மேசையில் நம் வட்டாரத் திட்டத்தின் படி ஒன்று வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தைத் தேடிப் பார்த்து, பக்கத்திலுள்ள தாளில் எந்த நிறம் என்று எழுதிவிடுங்கள். மன்றத்தின் அடுத்த முழுக் கூட்டத்துக்கு நான்கு பேர் போவதென்று செயலவை தீர்மானித்திருக்கிறது. இரண்டு இடம் மாதர் பகுதிக்கு. இதுவரை ஒரு பெயர்தான் வந்திருக்கிறது. இன்னொருவர் வேண்டும். வெட்டு நாளாக இருப்பதால் அன்றைய சம்பளத்தைக் கிளை நிதியிலிருந்து ஈடுசெய்வதற்குப் பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் கொடுக்கிறவர்கள் இப்பொழுதே கை தூக்கலாம்.